இண்டக்‌ஷன் அடுப்பா, எரிவாயு உருளையா: பெரம்பூர் வீடொன்றின் செலவுக் கணக்கு

2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றை எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்போடு சேர்த்துப் பயன்படுத்தி வருகிறோம். சமைப்பதற்கு அது நல்ல அடுப்பு. பால் விரைவில் காய்கிறது, சமையலறையில் புழுக்கம் குறைகிறது. ஆனால் செலவு குறையுமா என்பதை அடுப்பு முடிவு செய்வதில்லை. மின் கட்டண அட்டையே முடிவு செய்கிறது.

வீட்டு உருளை ஒன்றில் இருக்கும், புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த 14.2 கிலோ வாயு எரிந்தால் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் கிடைக்கும். தரச் சான்று பெறும் எரிவாயு அடுப்பு அதில் குறைந்தது 68 விழுக்காட்டையாவது பாத்திரத்துக்குச் சேர்க்க வேண்டும் என்பது விதி. இண்டக்‌ஷன் அடுப்பு தான் இழுக்கும் மின்சாரத்தில் 85 விழுக்காடு அளவுக்குச் சேர்த்துவிடுவதால், ஓர் உருளையின் வேலையைச் சுமார் 145 யூனிட்டில் முடித்துவிடும். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறிய பிறகு சென்னையில் உருளையின் விலை 868 ரூபாய் 50 காசாக இருந்தது. ஆகவே அந்த விலைப்படி யூனிட் 6 ரூபாய்க்குக் கீழே கிடைக்கும்வரை மின்சாரம் லாபம், அதற்கு மேலே போனால் எரிவாயுவே லாபம்.

2025-இல் நடப்பில் இருந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 400 வரை யூனிட்டுக்கு 5 ரூபாய்க்கும் குறைவு. 400-க்கு மேல் 6 ரூபாயைத் தாண்டுகிறது. 500-க்கு மேல் 8 ரூபாயையும் தாண்டுகிறது. 500-ஐக் கடந்தால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மார்கழியில் 250 யூனிட்டில் நிற்கும் வீடு, சமையலில் பாதியை இண்டக்‌ஷனுக்கு மாற்றினாலும் 400-க்குள் அடங்கும். அக்கினி நட்சத்திரத்தில் ஏசி ஓடத் தொடங்கியதும் அதே அடுப்பின் ஒவ்வொரு யூனிட்டும் உயர்ந்த கட்டணத்தில் விழும். எனவே குளிர் மாதங்களில் இண்டக்‌ஷன், கோடையில் எரிவாயு என்று நாங்கள் மாறிக்கொள்கிறோம்.

வீட்டு உரிமையாளர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று ஒரே விலையில் வசூலிக்கும் வாடகை வீடுகளில் இந்தக் கணக்கு செல்லாது. அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த அடுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். இலவச யூனிட்டின் பயன்கூட அவர்களுக்கு வந்து சேர்வதில்லை என்பது எனக்கு வேதனை தருகிறது.

மின்சாரம் தூய்மையான எரிபொருள் என்ற விளம்பரத்தையும் என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையம் எரிப்பது நிலக்கரி. அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்ததை வடசென்னை மக்கள் நன்கு அறிவர். நம் சமையலறையில் இல்லாத புகையை எண்ணூர் சுவாசிக்கிறது.

வாங்குவோர் வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். காசிமேட்டு மீனை மண்சட்டியில் குழம்பு வைப்பவர்களுக்கு எரிவாயு அடுப்பு வேண்டியிருக்கும். மண்சட்டியும் சாதாரண அலுமினியப் பாத்திரமும் இண்டக்‌ஷனில் சூடேறா. வாங்கும் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே சோதிக்கலாம். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை போன்ற பகுதிகளின் பழைய வீடுகளில் 6 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகக் கூடாது. 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற கனமான ஒயரும் தேவை. அந்த வேலைக்கு எலக்ட்ரீஷியன் கேட்கும் தொகையையும் அடுப்பின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.