டபிள்யூ அண்ட் ஓடி பாதை: ஹெர்ண்டனிலிருந்து பர்செல்வில் வரை சைக்கிளில்

அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் உள்ள டபிள்யூ அண்ட் ஓடி (வாஷிங்டன் அண்ட் ஓல்ட் டொமினியன்) பாதையில் கால் வைக்காதவர்கள் குறைவு. ஹெர்ண்டனிலும் ஆஷ்பர்னிலும் பலருக்கு அது கொல்லைப்புறத்திலேயே ஓடுகிறது. ஆனால் மாலை நடைக்கு இரண்டு மைல், பிள்ளைக்குச் சைக்கிள் பழக்க அரை மைல் என்று அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தப் பாதையின் உயிர் லீஸ்பர்க்குக்கு மேற்கே இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். இன்னொன்றும் சொல்வேன்: அங்கே காரின் பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டு போகாதீர்கள். வாசலிலிருந்தே மிதித்துப் போங்கள். குடியிருப்புகள் மெல்ல மெல்லப் பின்வாங்கிக் காடும் வயலும் வந்து சேர்வதை உடம்பால் உணர்வதில்தான் இந்தப் பயணத்தின் ருசி.

முழுப் பாதையும் 45 மைல். கிழக்கே ஷிர்லிங்டனில் தொடங்கி மேற்கே பர்செல்வில்லில் முடிகிறது. அகலம் ஏறக்குறைய 100 அடி மட்டுமே உள்ள ஒரு பூங்கா இது என்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. வட வர்ஜீனியாவின் பூங்கா அமைப்பான நோவா பார்க்ஸ் இதைப் பராமரிக்கிறது. கட்டணம் எதுவும் இல்லை. தார் போட்ட பாதைக்குப் பக்கத்திலேயே வியன்னாவிலிருந்து மேற்கே குதிரைகளுக்கென்று 32 மைல் சரளைத் தடமும் உண்டு.

இது ஒரு காலத்தில் ரயில் பாதை. 1859-இல் வியன்னா வரை ரயில் வந்தது, அடுத்த ஆண்டு லீஸ்பர்க்கைத் தொட்டது. 1951-இல் பயணிகள் ரயில் நின்றது, 1968-இல் சரக்கு ரயிலும் நின்றுபோனது. 1974-இல் ஃபால்ஸ் சர்ச்சில் ஒரு சிறு துண்டு சைக்கிள் பாதையாகத் திறக்கப்பட்டது. பர்செல்வில் வரை வந்து சேர 1988 ஆகிவிட்டது. இந்த வரலாற்றை நான் ஆசையோடு சொல்வதற்கு என் முழங்கால்தான் காரணம். ரயில் இன்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது. அதற்காக அன்றைய தொழிலாளர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை மண்கொட்டி நிரப்பினார்கள். ஐம்பதைத் தாண்டிய நான் இன்று மூச்சு வாங்காமல் மிதிப்பது அவர்கள் உழைப்பின் மேல்தான்.

ஹெர்ண்டனின் பழைய ரயில் நிலையம் ஏறக்குறைய 20-ஆவது மைலில் இருக்கிறது. அருகிலேயே சிவப்பு நிற ரயில் கார்டு பெட்டி ஒன்றையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஸ்டெர்லிங், ஆஷ்பர்ன் வரை அழகு என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஒட்டி நிற்கும் வரிசை வீடுகள், வேலிகள், ஜன்னலே இல்லாத பிரம்மாண்டமான தரவு மையங்கள், அவற்றின் குளிரூட்டிகள் எழுப்பும் ஓயாத இரைச்சல். தலைக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பிகள். ரயில் நின்ற பிறகு இந்த நிலத்தை மின் நிறுவனம் வாங்கியது, பூங்கா அமைப்புக்கு அதற்குப் பின்னர்தான் கைமாறியது. கம்பிகளுக்கு அடியில் மரம் உயர விடமாட்டார்கள் என்பதால் இந்தப் பகுதியில் நிழல் மிகக் குறைவு. ஜூலை மாதத்தில் காலை ஏழு மணிக்கு முன்பே இதைக் கடந்துவிட வேண்டும்.

ஆஷ்பர்னைத் தாண்டியதும் காற்றின் மணமே மாறுகிறது. கூஸ் கிரீக் ஓடையைப் பாலத்தில் கடக்கும்போது கட்டாயம் நின்று கீழே பாருங்கள். சாம்பல் நீல நாரை ஒன்று தண்ணீரில் அசையாமல் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலேயே ஒரு கல் குவாரியை மேலிருந்து பார்க்க இடம் அமைத்திருக்கிறார்கள். ராட்சத லாரிகள் பள்ளத்தின் அடியில் ஊர்வதைப் பார்த்துவிட்டால் சிறுவர்களை அங்கிருந்து கிளப்புவது எளிதல்ல.

லீஸ்பர்க்கில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்து வருவது கிளார்க்ஸ் கேப் வரை நான்கு மைல் ஏற்றம். ஏற்றம் என்றதும் அஞ்ச வேண்டாம், ரயிலுக்கு வெட்டிய ஏற்றம்தான். ஆனால் விடாமல் ஏறும். கியரைக் குறைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனால் போதும். கட்டாக்டின் மலைத்தொடரின் இடைவெளி அது. அங்கே ரயில் காலத்துக் கல் வளைவுப் பாலம் ஒன்றின் அடியில் புகுந்து வெளியே வருகிறோம். அதன் பிறகு, பெயோனியன் ஸ்பிரிங்ஸ், ஹாமில்டன் வழியாக, வர்ஜீனியாவில் நான் மிகவும் நேசிக்கும் சில மைல்கள். இருபுறமும் மரங்கள் நெருங்கி வந்து மேலே கிளை கோத்துக்கொள்கின்றன. இடையிடையே திறந்துகொள்ளும் வெளியில் மேய்ச்சல் நிலங்களும் மரக் கொட்டகைகளும் தெரிகின்றன. மே மாதக் கடைசியில் ஹனிசக்கிள் கொடிகள் பூத்து, முல்லைப் பந்தலுக்குக் கீழே போவதுபோல மணக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் மஞ்சள் கோலமிட்ட குவிந்த ஓட்டோடு நில ஆமை பாதையைக் கடக்கும். அதைத் தூக்கி விடுவதென்றால் அது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே விடுங்கள். வந்த பக்கம் விட்டால் மறுபடியும் கடக்க வரும். வெயில் காயும் கறுப்புச் சாரைப் பாம்பையும் காணலாம், அதற்கு விஷம் இல்லை. சுற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

சாலைக் குறுக்கீடுகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். கிழக்குப் பகுதியில் அவை அடிக்கடி வருகின்றன, தாளம் பிடித்து மிதிக்கவே விடாது. பல தடச் சாலைகளில் பக்கத்துத் தடத்துக் கார் உங்களுக்காக மரியாதையாக நிற்கும். அதற்கு அப்பால் உள்ள தடத்தில் வருபவருக்கு உங்களைத் தெரியாது. ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியாகப் பார்த்துக் கடக்க வேண்டும் என்று என் மகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். சில இடங்களில் மர வேர்கள் தாரைத் தூக்கி விட்டிருக்கின்றன. மெல்லிய டயர் போட்ட பந்தயச் சைக்கிளும் ஓடும்தான். 32 மில்லிமீட்டர் டயர் போட்ட என் ஹைபிரிட் சைக்கிள் அந்த அதிர்ச்சியை நன்றாகத் தாங்குகிறது.

சனிக்கிழமை காலைகளில் வியன்னாவுக்கும் ரெஸ்டனுக்கும் இடையே கூட்டம் அதிகம். முந்துபவர்கள் ‘ஆன் யுவர் லெஃப்ட்’ (உங்கள் இடப்பக்கமாக வருகிறேன்) என்று குரல் கொடுப்பது இங்கே வழக்கம். அதைக் கேட்டதும் திரும்பிப் பார்க்காமல் வலப்பக்கமே நேராகப் போய்க்கொண்டிருங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை நடைக்கு அழைத்து வருபவர்கள் முன்கூட்டியே இதை அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். அந்தக் குரலைக் கேட்டதும் பலர் திடுக்கிட்டு இடப்பக்கமே நகர்கிறார்கள், ஆபத்து அங்கேதான். மேற்கே குதிரையில் வருபவர்களைக் கண்டால் மணி அடிக்காமல் வேகத்தைக் குறைத்து, மென்மையாக வணக்கம் சொல்லிக் கடந்து செல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரள்வதில்லை.

ஹெர்ண்டனிலிருந்து பர்செல்வில் ஏறக்குறைய 25 மைல். போகும்போது ஏற்றமும் பெரும்பாலும் எதிர்க்காற்றும். வரும்போது இரண்டும் நமக்குத் துணை. அதனால் பர்செல்வில்லில் களைத்துப் போய் உட்கார்ந்தாலும் கவலைப்படாமல் சாப்பிடுங்கள், ஊர்க்கடைகள் பாதை முடியும் இடத்திலேயே இருக்கின்றன. பாதை அருகே வீடு இல்லாதவர்கள் மெட்ரோ ரயிலில் சைக்கிளோடு ஏறி, வீலி–ரெஸ்டன் ஈஸ்ட் நிலையத்தில் இறங்கினால் பாதை பக்கத்திலேயே இருக்கிறது. முதல்முறை பிள்ளைகளோடு போகிறவர்கள் ஆஷ்பர்னில் தொடங்கி கூஸ் கிரீக் பாலம் வரை போய்த் திரும்பலாம்.

எனக்கு ஒரே ஓர் ஏக்கம் உண்டு. 1900-ஆம் ஆண்டு ரயில் பர்செல்வில்லையும் தாண்டி, புளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் உள்ள புளூமான்ட் வரை போனது. சைக்கிள் பாதை அவ்வளவு தூரம் போகவில்லை. பர்செல்வில்லின் பழைய ரயில் நிலைய வாசலில் நின்று மேற்கே பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த மிச்சத் தூரத்துக்கும் தார் போட மாட்டார்களா என்று மனம் கேட்கிறது. போட்டால் முதல் நாளே போய்விடுவேன்.