செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ்: இடப்பக்கம் அடிப்பதற்கான விலை

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் கோல்ஃப் மைதானத்தில் வலப்பக்க எல்லைக்கோடும் முட்புதர்களும் அச்சுறுத்துவதால், பந்தை இடப்பக்கம் அடிப்பதே பாதுகாப்பானது என்று முதன்முறை ஆடுபவருக்குத் தோன்றும். அதற்கான விலையை அடுத்த அடியில்தான் கொடுக்க நேரிடுகிறது, ஏனெனில் அங்கிருந்து கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டப்பட்ட புல்தரைக்குச் செல்லும் வழி பெரும்பாலும் பங்கர்கள் எனும் மணற்பள்ளங்களைத் தாண்டியே அமைகிறது.

இந்த மைதானத்தின் மதிப்பை 17ஆவது குழியே முடிவு செய்கிறது என்பது என் கருத்து. பார் 4 ஆன, அதாவது 4 அடிகளில் முடிக்க வேண்டிய இக்குழியில் முதல் அடியை ஹோட்டல் கொட்டகையின் மேலாகத் துணிந்து அடித்தால்தான் கிரீனின் நீளவாக்கு நமக்குக் கிடைக்கும். ஒதுங்கி இடப்பக்கம் போனவருக்கோ முன்னால் செங்குத்துச் சுவருடைய ரோடு பங்கர், பின்னால் தார்ச்சாலை, அதற்கப்பால் கற்சுவர். 1978 ஓபன் கோல்ஃப் போட்டியில் ஜப்பானிய வீரர் டாமி நாகஜிமா, கிரீனில் உருட்டிய பந்து அந்தப் பங்கருக்குள் இறங்கியதால் 9 அடிகளில்தான் குழியை முடித்தார். ஆகவே சாதாரண ஆட்டக்காரர் இரண்டாம் அடியைக் கிரீனின் வலது முன்புறத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து பட்டரால் (பந்தை உருட்டும் மட்டையால்) மேட்டில் உருட்டுவதே சிறந்தது. 5 அடிகளில் முடிந்தால் அதில் வெட்கமில்லை.

14ஆவது குழியில் ஹெல் பங்கரைத் தாண்ட ஐயமிருந்தால், இரண்டாம் அடியை இடப்புறமுள்ள 5ஆவது குழியின் புல்வெளிக்கு அனுப்பலாம். முதல் குழியில் ஸ்வில்கன் ஓடை கிரீனை ஒட்டியே ஓடுவதால் ஒரு கிளப் கூடுதலாக, அதாவது பந்தைச் சற்றுத் தொலைவாக அனுப்பும் மட்டையை எடுப்பது நல்லது.