அமுக்கப் பண்டேஜ் கட்டுவிப்போர் கவனத்துக்கு

வெள்ளவத்தையில் வசிக்கும் என் அம்மாவுக்கு, நாளப் புடைப்பினால் (வெரிகோஸ் வெயின்) உட்புறக் கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் ஒன்று உண்டானது. புண் பராமரிப்பில் விசேட பயிற்சி பெற்றவர்கள் என்று விளம்பரம் செய்த கொழும்புத் தனியார் நிலையம் ஒன்றில், கிழமைதோறும் பணம் கட்டி, காலில் தேங்கும் குருதி மேலேற உதவும்படி இறுக்கிச் சுற்றும் அமுக்கப் பண்டேஜைக் கட்டுவித்தோம். புண் ஆறவில்லை என்பதோடு, கணுக்கால் விறைத்துப்போய், பஸ் படியில் கால் வைக்கவே அவரால் முடியாமற்போனது.

இந்தக் கட்டைப் போடுமுன் கணுக்காலிலும் மேற்கையிலும் குருதியமுக்கத்தை அளந்து ஒப்பிட வேண்டும். கணுக்கால் அளவு, கை அளவின் 0.8 பங்குக்குக் குறைந்தால் காலுக்குக் குருதியைக் கொண்டுவரும் குழாயான நாடியில் அடைப்பு இருக்கக்கூடும். அந்தக் காலை இறுக்கிக் கட்டுவது ஆபத்து. அம்மாவைப் போன்ற நீரிழிவு நோயாளருக்கு நாடி தடித்து இந்த விகிதம் பொய்யாகக் கூடிக் காட்டலாம் என்பதால், இன்னும் கவனம் தேவை. அங்கே ஒருவரும் எதையும் அளக்கவில்லை.

பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டுதான் பண்டேஜைச் சுற்ற வேண்டும். அவர்களோ அம்மாவைப் படுக்கவைத்து, பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடக்கையிலேயே சுற்றினார்கள். அவர் எழுந்து நின்றதும் அது கணுக்காலின் முன்மடிப்பில் சுருண்டு திரண்டு, கயிறு பதிந்ததுபோலச் சிவந்த தடத்தை உண்டாக்கியது. வலிக்கிறது என்றபோது, "இறுக்கமாக இருந்தால்தான் அம்மா, மாறும்" என்றார் கட்டியவர். ஒரே இறுக்கத்தில் சுற்றினாலும் சுற்றளவு குறைந்த இடத்தில் அமுக்கம் கூடும். ஆகவேதான் மெலிந்த கணுக்காலுக்கு முதலில் பஞ்சு சுற்றுவார்கள். அதுவும் செய்யப்படவில்லை.

நாளங்களில் தேங்கும் குருதியை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. அது சரிவர இயங்குவதற்குக் கணுக்கால் மேலும் கீழும் அசைய வேண்டும். அசைவையே தடுக்கும் கட்டு, தான் செய்ய வந்த வேலையையும் கெடுத்துவிடுகிறது. குதிகாலை உயர்த்தி இறக்கும் எளிய பயிற்சியைக்கூட அங்கே யாரும் சொல்லித்தரவில்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது வேறிடத்தில் முறையாகக் கட்டி, இயன்மருத்துவரிடமும் (பிசியோதெரபிஸ்ட்) காட்டுகிறோம். புண் சுருங்கத் தொடங்கியிருக்கிறது. பாதம் இன்னும் முழுமையாக மேலே வளையவில்லை. பழைய பற்றுச்சீட்டுகளில் "டிரெசிங்" என்பதைத் தவிர வேறெதுவும் இல்லாததால், நீங்கள் செல்லும் இடத்தில் அளந்த விகிதத்தையும் கட்டியவரின் பெயரையும் தகைமையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விரல்கள் நீலமாகினாலோ, குளிர்ந்து மரத்தாலோ, அடுத்த தவணை வரை காத்திராமல் கட்டை அவிழ்த்து உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சபைக்கு எனது முறைப்பாட்டை அனுப்பியுள்ளேன்.