துபாய் உயரக் கட்டடம்: கான்கிரீட்டா, எஃகா?

வேகம்: எஃகு முந்தும், தயாராக வந்த துண்டுகளை ஏற்றி போல்ட் போட்டால் போதும். கான்கிரீட் கோடை வெயிலில் விரைவாக இறுகி விரிசல் விடும். அதனால்தான் புர்ஜ் கலீஃபாவில் கோடைக் கலவையில் பனிக்கட்டி சேர்த்து, இரவில் வார்த்தார்கள். 600 மீட்டர் உயரம் வரை அதைப் பம்ப் செய்தது அசாத்திய சாதனை!

காற்று: கனத்த கான்கிரீட் குறைவாக ஆடும்.

தீ: எஃகுக்குக் காப்புப் பூச்சு கட்டாயம்.

உப்பு: அஸ்திவாரம் எப்படியும் கான்கிரீட்தான். நிலத்தடி நீரின் குளோரைடு உள்ளே புகுந்தால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கும். அடர்த்தியான கலவையும், கம்பியில் சிறு மின்னோட்டம் செலுத்தித் துருவைத் தடுக்கும் கத்தோடிக் பாதுகாப்பும் வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

குடியிருப்புக் கோபுரத்துக்குக் கான்கிரீட். தூணில்லாத அகன்ற அலுவலகத் தளத்துக்கு எஃகு. மிக உயரமென்றால் இரண்டும்: 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவில் கீழே கான்கிரீட், உச்சிக் கூம்பு எஃகு.