சோஃபியின் நரை

நான் பிளவுஸ் தைக்கிறவள். கும்பகோணத்தில் அப்பா வைத்திருந்த கடையை 22 வருஷமாக நடத்துகிறேன். 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ஊசி பிடித்திருக்கும் ஒரு கைதான். தொப்பிக் கடையின் பின்னறையில் ஒரு பெண் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே ரயில் புகை அடைத்துக்கொண்டு போகிறது. கூட வேலை செய்கிற பெண்கள் ஊர்வலம் பார்க்கக் கிளம்புகிறார்கள். இவளையும் கூப்பிடுகிறார்கள். கையில் இருக்கிற வேலையை முடித்துவிடுகிறேன் என்கிறாள். அந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

ஹயாவோ மியாசாகி இயக்கி, ஸ்டுடியோ ஜிப்லி 2004இல் கொண்டுவந்த படம் இது. டயானா வின் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளரின் 1986ஆம் வருஷத்து நாவலிலிருந்து எடுத்த கதை. 119 நிமிஷம். தங்கை மகள் காலேஜ் லீவுக்கு வந்திருந்தபோது, "பெரியம்மா, இத நீங்க பாத்தே ஆகணும்" என்று நெட்ஃபிளிக்ஸில் போட்டுக் காட்டினாள். அதற்கப்புறம் நானாகவே மூன்று முறை பார்த்துவிட்டேன்.

அந்தத் தைக்கிற பெண் சோஃபிக்கு 18 வயது. மூத்த பெண். அப்பாவின் கடை என்பதால் விட்டுப் போக மனசில்லை. தங்கை லெட்டி கேக் கடையில் எல்லோரும் சுற்றி நிற்கிற அழகி. வெளியே கிளம்பும்போது சோஃபி தன் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக் கண்ணாடி முன்னால் லேசாகச் சிரித்துப் பார்க்கிறாள். அடுத்த நொடியே முகம் சுருங்கி, தொப்பியின் விளிம்பைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறாள். இரண்டு நொடிதான். ஆனால் அவள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது முழுக்க அதில் இருக்கிறது. அன்று ராத்திரி கடைக்கு வரும் சூனியக்காரி சாபம் போட்டு அவளைத் தொண்ணூறு வயசுக் கிழவி ஆக்குகிறாள். மறுநாள் காலையில் மறுபடி அதே கண்ணாடி. அழவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, இந்த உடுப்பும் இப்போதுதான் பொருத்தமாக இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள். எனக்கு அங்கேதான் நெஞ்சு அடைத்தது. பதினெட்டு வயசில் கிழவி உடுப்பை விரும்பிப் போட்டிருந்தவள் அவள். சூனியக்காரி புதிதாக எதையும் கொண்டுவந்து போடவில்லை, உள்ளே ஏற்கெனவே இருந்ததை வெளியே இழுத்துவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது.

கொஞ்சம் ரொட்டியும் சீஸும் எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் கிளம்புகிறாள். அங்கே ஹவுல் என்ற மந்திரவாதியின் நடக்கும் கோட்டைக்குள் ஏறி, யாரையும் கேட்காமல், நான்தான் புதிதாக வந்த வேலைக்காரி என்று சொல்லிவிடுகிறாள். அடுப்பில் இருக்கும் கால்சிஃபர் என்ற நெருப்புப் பிசாசை மிரட்டி முட்டை பொரிக்க வைக்கிறாள். துடைப்பத்தை எடுத்து வீட்டையே புரட்டிப் போடுகிறாள். தொப்பிக் கடையில் வாயே திறக்காதவள் இங்கே எல்லோரையும் அதட்டுகிறாள். வயசானவள் என்றால் யாரும் அழகு பார்க்கப் போவதில்லை. அந்த பயம் போனதும் குரல் வந்துவிடுகிறது. கோவில் வாசலில் பூ விற்கிற பாட்டிகளிடம் அந்தத் தைரியத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இனி சொல்லப்போவதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் வேறு மாதிரி தெரியும். சோஃபியின் வயசு படம் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. யாரும் அதற்கு விளக்கம் சொல்வதில்லை. தூங்கும்போது இளம்பெண். அரண்மனையில் ராஜாவின் மந்திரக்காரி சுலிமான் முன்னால் ஹவுலுக்காக நின்று பேசும்போது முதுகு நிமிர்ந்து, சுருக்கம் மறைந்து, முகம் இளமையாகிவிடுகிறது. அவன் மேல் உனக்குக் காதல் என்று சுலிமான் சொன்ன கணமே மறுபடி கிழவி. பூந்தோட்டத்தில் ஹவுல், நீ அழகு என்கிறான். இளம்பெண்ணாக நின்றுகொண்டிருந்தவள் உடனே முதுமைக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள். வயசானால் இழப்பதற்கு ஒன்றுமில்லை, அதுதான் நல்லது என்கிறாள். முதல் தடவை பார்த்தபோது இது எனக்குப் பிடிபடவே இல்லை. இரண்டாம் தடவை அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சாபத்தின் கயிறு பாதிக்கு மேல் அவள் கையிலேயே இருக்கிறது.

இதனால்தான் ஜப்பானிய மொழியிலேயே பாருங்கள் என்கிறேன். ஆங்கில டப்பிங்கில் இளம் சோஃபிக்கு எமிலி மார்ட்டிமர், கிழவிக்கு ஜீன் சிம்மன்ஸ் என்று இரண்டு பேர் பேசுகிறார்கள். நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஜப்பானிய மூலத்தில் இரண்டுக்கும் சியேகோ பைஷோ ஒருவர்தான். அப்போது அவருக்கே அறுபது தாண்டிவிட்டது. பதினெட்டு வயசுப் பெண் பேசும்போதும் அந்தக் குரலின் அடியில் ஒரு களைப்பு கேட்கிறது. கிழவி பேசும்போது அதே குரலுக்குள் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். குரலை இரண்டாகப் பிரித்தால் ஆளும் இரண்டாகிவிடுகிறது.

மழைக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. சோஃபி குளியலறையைச் சுத்தம் செய்தபோது ஹவுலின் மருந்துக் குப்பிகள் இடம் மாறி, அவன் தலைமுடி நிறம் மாறிவிடுகிறது. அழகாக இல்லாவிட்டால் வாழ்ந்து என்ன பயன் என்று உடைந்துபோகிறான். என் ஆயுசில் நான் ஒரு தடவைகூட அழகாக இருந்ததில்லை என்று கத்திவிட்டு வெளியே ஓடுகிறாள் சோஃபி. ஏரிக்கரையில் நின்று, கிழவி உடம்போடு, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுகிறாள். டர்னிப் தலை சோளக்கொல்லைப் பொம்மை பின்னால் வந்து குடை பிடிக்கிறது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அவனைக் குளிக்க வைக்கிற ஏற்பாட்டைப் பார்க்கிறாள். அழுகைக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியை இவ்வளவு சரியாக வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

குறை உண்டு. பின்பாதியில் கதை சிக்கிக்கொள்கிறது. எந்த நாடு எந்த நாட்டோடு ஏன் சண்டை போடுகிறது என்று கடைசி வரை புரியவில்லை. 2003இல் தொடங்கிய ஈராக் போரில் மியாசாகிக்கு இருந்த கோபம் இந்தப் படத்துக்குள் இருக்கிறது, குண்டு விழும் காட்சிகளில் அது தெரிகிறது. ஆனால் அந்தப் போர் கடைசியில் ஒரே வசனத்தில் முடிந்துவிடுவது எனக்கு ஏமாற்றம்தான். சோஃபியின் அம்மா நடுவில் வந்து செய்கிற துரோகமும் வந்த வேகத்தில் மறைந்துவிடுகிறது. ஹவுல் பறவை உருவத்தில் வரும் இடங்களில் சின்னப் பிள்ளைகள் பயப்படலாம். தங்கையின் ஆறு வயசுப் பையன் போர்வைக்குள் போய்விட்டான்.

ஆனாலும் கடைசிக் காட்சிக்காக நான் எல்லாவற்றையும் மன்னிப்பேன். சோஃபிக்கு இளமை திரும்பி வருகிறது, முடி மட்டும் வெள்ளையாகவே நின்றுவிடுகிறது. சாபம் தீர்ந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. உன் முடி நட்சத்திர வெளிச்சம் மாதிரி இருக்கிறது என்கிறான் ஹவுல். இந்தத் தடவை அவள் எங்கேயும் ஒளிந்துகொள்ளவில்லை, சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறாள். எனக்கு 38 வயசில் முன்நெற்றியில் நரை வந்தது. அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை டை அடிக்கிறேன். அந்தக் காட்சியில் தங்கை மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அம்மாவை உட்கார வைத்துக் காட்டப்போகிறேன். சோஃபியும் சூனியக்காரியும், இரண்டு கிழவிகளாக, மூச்சு வாங்க அரண்மனைப் படி ஏறுகிற காட்சி ஒன்று வருகிறது. தன்னைச் சபித்தவளையே பார்த்து, தைரியமாக ஏறி வா என்கிறாள் சோஃபி. அம்மாவுக்கு மூட்டு வலி, அந்தப் படிகள் அவளுக்கு நன்றாகப் புரியும். சப்டைட்டில் அவளுக்குப் படிக்க வராது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாக நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். இப்போதே ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்திருக்கிறேன்.