மோட்டார் சைக்கிள் பந்தயமும் பேனிங்கும்: 100-400 லென்ஸுடன் நான்கு ஆண்டுகள்

நான்கு ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரின் பெனின்சுலா பிளாசாவில் பழைய கேமராக்கள் விற்கும் கடையொன்றில், கேனான் 100-400 மி.மீ. லென்ஸின் இரண்டாம் பதிப்பை வாங்கி, ஏற்கெனவே என்னிடம் இருந்த 7டி மார்க் 2 கேமராவில் பொருத்தினேன். மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள்களை, வேகம் தெரியும்படி பேனிங் முறையில், அதாவது வண்டியோடு கேமராவையும் திருப்பியபடியே, எடுக்க வேண்டும் என்பதே ஒரே நோக்கம். சிங்கப்பூரில் நிரந்தரப் பந்தயத் தடம் கிடையாது. துவாஸ் இரண்டாம் பாலத்தைத் தாண்டி ஏறத்தாழ 300 கிலோமீட்டர் போனால்தான் செப்பாங். ஆண்டுக்கு ஓரிரு முறையே போக முடிகிறது என்பதால், தேர்வு அங்கேயும் பாடம் இங்கேயும் என்றாகிவிட்டது.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 1/1000 நொடியில் மூன்று சென்டிமீட்டர்கூட நகர்வதில்லை. அந்த ஷட்டர் வேகத்தில் எடுத்தால் சக்கரக் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெரியும். வண்டி சாலையில் நிறுத்திவைத்ததுபோல் இருக்கும். 1/60 நொடியில் அதே வண்டி 46 சென்டிமீட்டர் நகர்கிறது. அந்த 46 சென்டிமீட்டரையும் கேமரா பிசகாமல் பின்தொடர்ந்தால், ஓட்டுநர் தெளிவாக நிற்பார், பின்னணி கோடுகளாக ஓடிவிடும். சொல்வதற்கு இவ்வளவுதான்.

முதல் ஆண்டில் நான் எடுத்தவற்றில் பெரும்பாலானவை வீணாயின. லென்ஸில் ஏதோ கோளாறு என்று நினைத்து, கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகவும் இருந்தேன். செப்பாங்கில் என் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்த கிள்ளானைச் சேர்ந்த அண்ணன் ஒருவர், கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "தம்பி, விரல் எடுக்கிறதுக்கு முன்னாடியே உங்க இடுப்பு நின்னுடுது" என்றார். அவர் சொன்னது சரிதான் என்பதை அன்றிரவு விடுதியில் படங்களை வரிசையாகப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு தொடரிலும் முதல் இரண்டு படங்களில் தலைக்கவசம் நடுவில் இருந்தது. மூன்றாவதில் வண்டி படத்தின் விளிம்புக்கு ஓடியிருந்தது. இதற்குக் காரணம் கேமராவின் அமைப்பிலும் இருக்கிறது. கண்ணாடி மேலே எழும் வகைக் கேமராவில், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும், நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருண்டிருக்கும். ஷட்டர் வேகத்தைக் குறைக்கக் குறைக்க அந்த இருட்டு நீளும். கண்ணுக்கு எதுவும் தெரியாத அந்தக் கணத்தில் உடல் தன்னையறியாமல் தயங்குகிறது. இருட்டிலும் இடுப்பு அதே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும், கடைசிப் படம் எடுத்த பிறகும் ஓரடி தூரமாவது லென்ஸ் வண்டியுடன் போக வேண்டும் என்பதைப் பழக எனக்கு ஓராண்டு பிடித்தது. பாதங்களை, வண்டி வரும் திசைக்கு அல்லாமல், படமெடுக்கப்போகும் இடத்துக்கு நேராக ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் பின்னோக்கி முறுக்கிக் காத்திருந்தால், உடல் இறுக்கம் தளரும் இடத்தில் ஷட்டர் விழும். இதையே நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன்.

பயிற்சிக்கு இடம் தேடியபோதுதான் ஒரு கணக்கு கைகொடுத்தது. வண்டி நமக்கு நேராகக் கடக்கும் கணத்தில் நம் உடல் எவ்வளவு விரைவாகத் திரும்ப வேண்டும் என்பது வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. வேகத்தைத் தொலைவால் வகுத்தால் வருவதைப் பொறுத்தது. 20 மீட்டர் தொலைவில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்தய வண்டிக்கு நாம் நொடிக்கு ஏறத்தாழ 80 பாகை திரும்ப வேண்டும். 12 மீட்டர் தொலைவில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சாதாரண மோட்டார் சைக்கிளுக்கும், 4 மீட்டர் தொலைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மிதிவண்டிக்கும் அதே 80 பாகைதான். ஆகவே வார இறுதிக் காலைகளில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் மிதிவண்டிப் பாதையோரம் நின்று, லென்ஸை 100 மி.மீ.யில் வைத்து, கடந்துபோகிறவரின் தலைக்கவசத்தை மட்டும் குறிவைத்து எடுக்கத் தொடங்கினேன். அவர்களுடைய படங்களை வீட்டுக்கு வந்ததும் அழித்துவிடுவேன். தேவைப்பட்டது அசைவுதான், முகங்கள் அல்ல. ஒரு குறை உண்டு: பந்தயத் தடத்தில் 300 மி.மீ.க்குப் போகும்போது, உடல் திரும்பும் வேகம் அதேயாக இருந்தாலும், கையின் சிறு நடுக்கமும் மூன்று மடங்காகப் படத்தில் விழுகிறது. அதைப் பூங்கா சொல்லித்தராது.

சில நாள் பழைய அப்பர் தாம்சன் சாலைக்கும் போவதுண்டு. 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரீ நடந்த தடத்தின் ஒரு பகுதி அது. கார்கள் மட்டுமல்ல, மோட்டார் சைக்கிள்களும் அங்கே பந்தயம் ஓடியிருக்கின்றன. இன்று குரங்குகளும் மிதிவண்டிக்காரர்களும்தான். மரநிழலில் 1/30 நொடிக்கு ஒளியைக் குறைக்கும் வடிகட்டி எதுவும் தேவைப்படுவதில்லை என்பது கூடுதல் வசதி.

வெயில் என்றதும் நினைவுக்கு வருவது வடிகட்டிதான். நம் பக்கத்து நண்பகல் வெயிலில், ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு அளவை 100-இல் வைத்து 1/60 நொடிக்கு இறங்கினால், லென்ஸின் துளை எஃப்/20 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. படம் மங்குவதோடு, சென்சாரில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு தூசியும் கோடாக ஓடும் பின்னணியின்மேல் கரும்புள்ளியாக உட்கார்ந்துகொள்ளும். ஒரு பயணத்தின் படங்கள் முழுவதிலும் ஒரே புள்ளியைத் துடைத்துக்கொண்டிருந்த பிறகு, ஒளியை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் 77 மி.மீ. என்டி வடிகட்டி வாங்கினேன். இப்போது அதே வெளிச்சத்தில் எஃப்/7.1 போதுமானது, ஃபோகஸும் தடுமாறுவதில்லை.

லென்ஸைப் பொறுத்தவரை, அசைவைத் தணிக்கும் மூன்று நிலைகளில் இரண்டாவதுதான் பேனிங்குக்கானது: பக்கவாட்டில் திரும்பும்போது மேல்கீழ் நடுக்கத்தை மட்டும் அது தணிக்கும். வண்டி கிடைமட்டமாகக் கடக்கும் நேர்தடத்தில் இதனால் கிடைத்த பயன் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் மேட்டில் நின்று, வளைவுக்குள் சாய்வாக இறங்கிவரும் வண்டியைத் தொடரும்போது, யாரோ லென்ஸைப் பிடித்து இழுப்பதுபோன்ற உணர்வு ஏற்படுகிறது. அங்கே மூன்றாவது நிலைக்கு மாற்றிவிடுகிறேன். அது ஷட்டர் திறக்கும் கணத்தில் மட்டும் வேலை செய்வதால் வியூஃபைண்டரில் இழுபறி இல்லை. ஜூம் வளையத்தின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை முதலில் வீண் அலங்காரம் என்று நினைத்தேன். லென்ஸைத் தாழ்த்திப் பிடித்தபடி நடக்கும்போது குழல் தானாக நீண்டு வெளியே வருவதை அது தடுக்கிறது; இன்று மிகவும் பிடித்த அம்சம் அதுதான். ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட எடை மட்டும் நான்கு ஆண்டுகளிலும் பழகவில்லை.

எடைக்காக வாங்கிய மோனோபாட் எனும் ஒற்றைக்கால் தாங்கி எனக்கு ஏமாற்றமே. லென்ஸை அதில் பொருத்தும் வளையத்தைத் தளர்த்தாமல் முழுநாள் எடுத்ததில், எல்லாப் படத்திலும் தடம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. தளர்த்திய பிறகும், சமதரையில் நேர்தடத்துக்கு எதிரே நிற்கும்போது மட்டுமே அது உதவுகிறது. புல்மேட்டில் அதன் கால் சற்றே சாய்ந்திருந்தால் கேமரா வட்டமடிப்பதற்குப் பதிலாக வில்போல் வளைந்து போகிறது. கடந்த இரண்டு பயணங்களில் அதை எடுத்துச் செல்லவேயில்லை.

இப்போது ஒவ்வொரு பயிற்சிச் சுற்றையும் 1/250-இல் தொடங்கி, தேறிய படங்கள் சில கையில் வந்தபின் 1/125-க்கும், பிறகு 1/60-க்கும் இறங்குகிறேன். வேலிக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால் நேராக 1/60-தான்: கேமரா திரும்பும் வேகத்தில் கம்பிகள் மெல்லிய புகையாகக் கரைந்துவிடுகின்றன, ஃபோகஸ் மட்டும் வேலியைப் பிடித்துக்கொள்ளாமல், வண்டி தொலைவில் வரும்போதே பிடித்துவைக்க வேண்டும். 1/60-இல் பத்துக்கு இரண்டு அல்லது மூன்று தேறுகின்றன. 1/30-இல் நாளுக்கு ஒன்று கிடைத்தாலே அதிகம். அதிலும் பெரும்பாலும் தலைக்கவசம் மட்டும் தெளிவாக இருக்கும், வால்பகுதி கலைந்திருக்கும். அருகிலிருந்து எடுக்கும்போது வண்டியின் முன்பகுதியும் பின்பகுதியும் நம் கண்ணுக்கு ஒரே வேகத்தில் நகர்வதில்லை என்பதால், நான் எவ்வளவு சீராகத் திரும்பினாலும் அது கலையத்தான் செய்யும். அடுத்த முறை இன்னும் பின்னால் தள்ளி நின்று, 400 மி.மீ.யில் முயன்று பார்க்கவிருக்கிறேன்.