கையடக்க சீக்வென்சர், நாலு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

வாங்கிய புதிதிலேயே டிஎன்ஏவைப் படிக்கிற இந்தச் சின்னக் கருவியைப் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். அப்போது எழுதியிருந்தால் ஆசையில் எழுதியதாகத்தான் இருந்திருக்கும். இப்போது நாலு வருடம் கையில் வைத்துப் புழங்கிவிட்டேன், நல்லதும் தெரியும், எங்கே காலை வாரும் என்பதும் தெரியும்.

நான் கோலாலம்பூரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். ஆடு மாடுகளின் மாதிரிகளும் வரும், மருத்துவமனைகளில் நோயாளிகளிடமிருந்து வளர்த்தெடுத்த கிருமிகளும் வரும். அதில் என் கையில் அதிகம் புழங்குவது பர்க்கோல்டேரியா சூடோமல்லே, மெலியோய்டோசிஸ் நோயைக் கொடுக்கிற பாக்டீரியா. சேற்றிலும் ஈர மண்ணிலும் வாழ்கிற கிருமி இது. ஆட்டைப் பிடிக்கும், மனிதரையும் பிடிக்கும், இனிப்பு நீர் உள்ளவர்கள் என்றால் இன்னும் சுலபமாகப் பிடிக்கும். இந்த நோய்க்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1913-ல் இங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் கினிப் பன்றிகளும் முயல்களும் திடீரென்று சாகத் தொடங்கியபோதுதான் இந்தக் கிருமி விலங்குகளையும் தாக்கும் என்பது தெரிந்தது. மெலியோய்டோசிஸ் என்ற பெயரே 1921-ல் அங்கே வேலை செய்த ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும் வைத்தது. அந்தக் கழகத்துக் கட்டடம் உள்ள ஜாலான் பஹாங் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும்.

சரி, கருவிக்கு வருகிறேன். முன்பெல்லாம் நாங்கள் ஏழு மரபணுக்களிலிருந்து துண்டுகளைப் படித்து, அவற்றின் சேர்க்கையை வைத்துக் கிருமிக்கு ஒரு வகை எண் கொடுப்போம். இப்போதும் அது பயனுள்ள முறைதான், வேறு நாட்டுக் கிருமியோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்தான் பொது மொழி. ஆனால் இந்தக் கிருமியின் மொத்த மரபணுத்தொகுதி இரண்டு குரோமோசோம்களில் 72 இலட்சம் டிஎன்ஏ எழுத்துகளுக்கு மேல் ஓடுகிறது. ஏழு துண்டுகளை மட்டும் பார்ப்பது, ஆளைப் பார்க்காமல் அடையாள அட்டையில் மாநில எண்ணை மட்டும் பார்த்து இன்னார் என்று சொல்வது மாதிரி. நானோபோர் வகைக் கருவி முழுவதையும் படிக்கிறது. ஒரு நுண்துளை வழியாக டிஎன்ஏ இழை நுழையும்போது மின்னோட்டம் மாறும், அந்த மாற்றத்திலிருந்து எழுத்தைக் கணிக்கிறது. இழை நீளமாகவே படிக்கப்படுவதால், துண்டு துண்டாகப் படித்துச் சேர்க்கிற கருவிகள் தடுமாறுகிற இடங்களிலும் இது தாண்டிப் போய்விடும்.

கருவி கைக்குள் அடங்கும், மடிக்கணினியில் செருகினால் போதும், பெரிய மெஷின்களோடு பார்த்தால் விலையும் குறைவு. ஆனால் காசு போவது கருவிக்கு இல்லை, அதில் பொருத்துகிற செல்லுக்கு, அதாவது நுண்துளைகள் இருக்கிற பகுதிக்கு. இந்தச் செல்லைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது, துளைகள் நாளாக நாளாகச் சாகும். எங்களுக்கு ஒருமுறை செல்கள் வழியில் எங்கோ வெயிலில் கிடந்து வந்தன, சோதித்துப் பார்த்தால் பாதித் துளைகளுக்கு உயிரில்லை. மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் மூன்று வாரம் வேலை நின்றுவிட்டது. அதனால் வந்த அன்றே துளைக் கணக்கை எடுத்து எழுதி வைத்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மாதிரியை ஏற்றுவதுதான் எனக்கு இன்றுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. பிப்பெட் முனையில் கடுகளவு காற்றுக் குமிழி இருந்தாலும் அது துளைகளின் மேல் உருண்டு போன பாதையெல்லாம் செத்துவிடும். இரண்டாம் மாதத்தில் அப்படி ஒரு செல்லை நானே கெடுத்தேன். அப்புறம் எங்கள் கூடத்தில் இருக்கும் மூத்த அண்ணன் ஒருவர் சொல்லிக் கொடுத்தார்: "முதல்ல கொஞ்சம் இழுத்துப் பாரும்மா, முனைல தண்ணி தெரிஞ்ச பிறகு தள்ளு." அன்றிலிருந்து அப்படித்தான்.

டிஎன்ஏவைப் பாதுகாப்புப் பெட்டிக்கு வெளியே கொண்டுவருவதற்கு முன் அதில் ஒரு சொட்டைக் கிருமி வளர்க்கிற தட்டில் வைத்து, எதுவும் முளைக்கவில்லை என்று உறுதி செய்துகொள்வோம். நாள் பிடிக்கும், இருந்தாலும் இந்தக் கிருமியோடு அவசரம் வேண்டாம். தட்டில் மண் வாசனை வரும் என்பார்கள், மோந்து பார்க்கவே கூடாது.

இந்தக் கருவியில் என்னை அதிகம் படுத்திய குறை, பிழை எழுத்துகள். முதல் வருடம், வேறொரு கூடத்தில் வேறு வகைக் கருவியில் படித்த அதே கிருமியை நாங்களும் படித்து ஒப்பிட்டோம். வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும், வந்ததோ டஜன் கணக்கில். டிஎன்ஏவில் மெத்தில் குழு என்கிற சின்ன வேதிக் குறி ஒட்டியிருக்கும் இடங்களில் மின்னோட்டம் வேறு மாதிரி இருக்கும், மென்பொருள் அதை வேறு எழுத்து என்று எடுத்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த மென்பொருளில் அதே பழைய சிக்னலை மறுபடி ஓட்டியதும் அநேகமாக எல்லாம் மறைந்துவிட்டன. கச்சா சிக்னல் கோப்புகளை இடம் போதவில்லை என்று அழித்திருந்தால் இதைக் கண்டுபிடித்தே இருக்க மாட்டோம். ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், அழிக்காதீர்கள்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், எனக்கு ஓர் ஆட்டுக் கொட்டகை போதும் சொல்வதற்கு. சிலாங்கூரில் ஒரு பெரியவர், இருபது முப்பது ஆடுகள். இரண்டு ஆடுகள் நுரையீரலில் சீழ்க்கட்டியோடு செத்தன, அடுத்த மாதமே அவருக்கும் காய்ச்சல், இரத்தத்தில் அதே கிருமி. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். மண் எடுக்கப் போன அன்று என்னிடம் கேட்டார்: "ஏம்மா, என் ஆடுதான் எனக்குக் குடுத்துச்சா? அப்படின்னா எல்லாத்தையும் வித்துடறேன்."

முதல் ஆட்டின் கிருமிக்கும் அவருடைய கிருமிக்கும் 72 இலட்சத்தில் மூன்று எழுத்துதான் வித்தியாசம். ஆனால் கொட்டகைக்குப் பின்னால் உள்ள குட்டைச் சேற்றில் கிடைத்ததும் அவற்றோடு ஐந்து எழுத்துக்குள் ஒட்டி நின்றது. இரண்டாவது ஆடு? ஆயிரக்கணக்கில் வித்தியாசம், வேறு குடும்பமே. ஒரே கொட்டகையில், ஒரே வாரத்தில் செத்த ஆடுகள். ஒரு கைப்பிடி மண்ணிலேயே இந்தக் கிருமியின் பல திரிபுகள், அதாவது வேறு வேறு குடும்பங்கள், சேர்ந்து வாழும் என்பதால் இப்போதெல்லாம் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு காலனியோடு, அதாவது கிருமி முளைத்த ஒரு புள்ளியோடு, நிறுத்தாமல் பலவற்றை எடுக்கிறோம்.

ஆடு கொடுத்ததா, அவர் காலில் இருந்த வெடிப்பு வழியாகச் சேறு கொடுத்ததா என்று இந்தக் கருவி சொல்லாது. மூன்றும் ஒரே இடத்துச் சொந்தம் என்பது வரைதான் சொல்லும். அந்தக் குட்டை மாதிரியை எடுக்காமல் விட்டிருந்தால் ஆட்டின் மேல்தான் பழி விழுந்திருக்கும். அவரிடம் அதைத்தான் சொன்னேன், ஆட்டை விற்க வேண்டாம், குட்டைக்கு வேலி போடுங்கள், பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள் என்று.

ஒற்றை எழுத்தைக்கூட விடக்கூடாது என்பதற்குக் கிழக்கு மலேசியாவின் சரவாக் மாநிலம் உதாரணம். இந்தக் கிருமிக்குப் பொதுவாக ஜென்டமைசின் மருந்து வேலை செய்யாது, அதை நம்பித்தான் மற்ற கிருமிகளை அடக்க இந்தக் கிருமியை வளர்க்கிற ஆஷ்டவுன் தட்டில் அந்த மருந்தையே கலக்கிறோம். 2014-ல் வெளிவந்த ஆய்வில், சரவாக்கில் எடுத்தவற்றில் பெரும்பாலானவை ஜென்டமைசினுக்குச் சாகின்றன என்று தெரிந்தது. காரணம், மருந்தை வெளியே தள்ளும் பம்பின் மரபணுவில் ஓர் எழுத்து மாற்றம். அதாவது நாம் தேடுகிற கிருமியை நம் தட்டே கொன்றுவிடும். தட்டில் முளைக்காததைச் சீக்வென்சரிடம் கொடுக்கவும் முடியாது. அங்கிருந்து மாதிரி வந்தால் ஜென்டமைசின் இல்லாத தட்டிலும் சேர்த்துப் போடுகிறோம்.

வாங்கலாமா என்று கேட்டால்: மாதத்துக்கு ஒன்றிரண்டு மாதிரிதான் என்றால் வேண்டாம், வெளியே அனுப்புவது மலிவு. பத்துப் பன்னிரண்டு சேர்த்து ஒரே செல்லில் ஓட்ட முடிந்தால், கணினி வேலை தெரிந்த ஓர் ஆளும் கூட இருந்தால், தாராளமாக வாங்கலாம். நான் மறுபடியும் வாங்குவேன். வடகிழக்குப் பருவமழை நின்றதும் அந்தக் குட்டையில் திரும்பவும் சேறு எடுக்கப் போகிறோம், இந்த முறை வேலிக்கு உள்ளே ஆறு இடம், வெளியே ஆறு இடம்.